ஏரியில் இறக்கிய சென்சார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஏரி நீரின் வெப்பநிலை, கார அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன், கலங்கல், பாசி நிறமிகள் ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து அனுப்பும் சென்சார்கள் இன்று மிதவைகளில் தொங்குகின்றன. அவற்றை நம்புவதற்கு முன் ஏரியிலேயே வாரக்கணக்கில் வைத்துச் சோதிக்க வேண்டும். வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் மிக ஆழம் குறைந்த ஈரி, இதற்குக் கடுமையான சோதனைக்களம். அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் ஏழு மீட்டரைச் சற்றே தாண்டும். கோடையில் அங்கு நீலப்பச்சைப் பாசி பெருகிப் படரும்.

ஆய்வகத்தில் சரியாகக் காட்டிய கருவி ஏரியிலும் சரியாகவே காட்டும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வகக் குடுவையில் உயிர்கள் இல்லை; ஏரியில் உண்டு. நீரில் இறக்கிய சில நாள்களிலேயே சென்சாரின் முகப்பில் வழவழப்பான படலம் படிகிறது, பிறகு பாசி ஏறுகிறது. ஈரியில் வரிக்குதிரை மட்டிகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த இவை 1980களின் இறுதியில் பேரேரிகளில் கண்டறியப்பட்டவை. படலம் மூடிய ஆக்சிஜன் சென்சார், ஏரியை அல்ல, அந்தப் படலத்தையே அளக்கத் தொடங்குகிறது: பகலில் அதன் ஒளிச்சேர்க்கையால் அளவு கூடுகிறது, இரவில் அதன் சுவாசத்தால் குறைகிறது. உண்மையான ஏரியிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு என்பதால் பிழை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. துடைக்கும் தூரிகையும் செம்புக் காப்பும் படிவைத் தாமதப்படுத்தும், அறவே நிறுத்தாது. ஆகவே கருவியைத் துடைப்பதற்கு முன் ஓர் அளவும், துடைத்தபின் அதே நீரில் இன்னோர் அளவும் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு படிவால் வந்தது. அதன்பின் அளவு தெரிந்த கரைசலில் வைத்தால் மிஞ்சும் வேறுபாடு, கருவியே தன் அளவுத்திருத்தத்திலிருந்து விலகியதால் வந்தது. இவ்விரண்டையும் பிரிக்காத சோதனை பாதிச் சோதனைதான்.

பாசி சென்சார் நச்சைக் காட்டிக்கொடுக்கும் என்பது இத்தகைய நம்பிக்கைகளுள் மிகவும் ஆபத்தானது. 2014 ஆகஸ்டில் ஈரிக் கரையிலுள்ள டொலிடோ நகரின் குடிநீரில் மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நச்சு தென்பட்டதால், சுமார் 4 லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்கக் கூடாது என எச்சரிக்கப்பட்டார்கள். வழக்கமான சென்சார் இந்த நச்சை அளப்பதே இல்லை. ஆரஞ்சு நிற ஒளியைப் பாய்ச்சி, பைகோசயனின் என்ற நிறமி திருப்பி உமிழும் சிவப்பொளியை மட்டுமே அது அளக்கிறது. நிறமி உள்ள எல்லா நீலப்பச்சைப் பாசியும் நச்சைச் சுரப்பதில்லை. செல் உடைந்து நீரில் கலந்துவிட்ட நச்சோ நிறமியின் அளவை வைத்துப் பிடிபடாது. மைக்ரோசிஸ்டின் எல்ஆர் வகைக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். அதை உறுதிசெய்ய எலிசா போன்ற ஆய்வகச் சோதனை தேவை. சென்சார் முன்னெச்சரிக்கை தரும். குடிக்கலாம் என்ற உத்தரவாதம் தராது.

ஏரிக்கு ஒரு சென்சார் போதும் என்பதும் தவறு. ஈரியின் நடுப்பகுதியில் கோடையில் வெதுவெதுப்பான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் கலக்காமல் நிற்கும். மேலே ஆக்சிஜன் நிறைந்திருக்கையில் அடியில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கலாம். ஒப்பிட எடுக்கும் நீர் மாதிரியும் சென்சார் இருக்கும் ஆழத்திலேயே, அதே நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். இல்லையேல் ஏரியின் ஏற்றத்தாழ்வு கருவியின் பிழையாகப் பதிவாகும்.

புதிய ஒளியியல் சென்சார்கள் வந்தபின் பழைய வேதிமுறைகள் காலாவதியாகிவிட்டன என்பாரும் உண்டு. ஆனால் ஆக்சிஜன் சென்சாரைச் சரிபார்க்க 1888இல் விங்க்ளர் வெளியிட்ட தரம்பார்த்தல் முறைதான் இன்றும் உரைகல். அந்தச் சென்சாரைக் காற்றில் வைத்து அளவுத்திருத்தம் செய்கையில் காற்றழுத்தத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஈரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 174 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தத்தை விட்டுவிட்டால் ஏறத்தாழ 2 சதவீதப் பிழை தொடக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.