தினமும் ஒரு ஸ்பானிஷ் க்விஸ்: அக்கா சொல்ற 9 டிப்ஸ்

தங்கச்சி, ஸ்பானிஷ் படிக்க ஆரம்பிச்சதும் போன்ல தினம் ஒரு க்விஸ் போட்டுப் பார்க்கிறது ரொம்ப நல்ல பழக்கம். அஞ்சு நிமிஷம்தான் ஆகும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரமே போதும். ஆனா சரியா, தப்பான்னு ஸ்கோரை மட்டும் பார்த்துட்டுப் போனை உள்ளே வெச்சுட்டா, படிச்சது ஒரு வாரம்கூட மனசுல நிக்காது. ஸ்பானிஷ் பத்தின ஒவ்வொரு விடைக்கும் பின்னால ஒரு காரணம் இருக்கு. அது ஒரு படையெடுப்பா இருக்கலாம், ஒரு கடல் பயணமா இருக்கலாம், ஏட்டுல இடத்தை மிச்சம் பிடிச்ச ஒரு எழுத்தரோட பழக்கமாவும் இருக்கலாம். அந்தக் காரணத்தைப் பிடிச்சுக்கிட்டா, ஒரு கேள்விக்குப் படிச்சது பத்துக் கேள்விக்கு உதவும். நான் சொல்லப்போற எல்லா டிப்ஸும் அதுக்காகத்தான்.

1. ஆப்ஷனைக் கையால மூடு

கேள்வியைப் படிச்சதும் நாலு ஆப்ஷனையும் கையால மறைச்சுட்டு, விடையை முதல்ல வாய்விட்டுச் சொல்லு. தெரியலைன்னாலும் ஒரு விடையைத் துணிஞ்சு சொல்லு. அப்புறம் கையை எடு. மூளை தானா தேடி எடுத்த விடைதான் நிலைக்கும். நாலுல ஒண்ணைத் தொடுறதுல பாதி வேலையை ஆப்ஷனே செஞ்சுடுது. தப்பாப் போன கேள்விக்குப் பக்கத்துல சரியான விடையை மட்டும் எழுதாம, ‘ஏன்’னு ஒரே வரியில எழுது.

2. எழுத்துக் கேள்விகளை வாயால படி

ஸ்பானிஷ் நெடுங்கணக்குல 27 எழுத்து. பழைய புத்தகங்கள்ல 29-னு இருக்கும், ஏன்னா ‘சே’, ‘எய்யே’ங்கிற ரெண்டு கூட்டெழுத்தையும் அப்போ தனி எழுத்தா எண்ணினாங்க. 2010-ல வந்த எழுத்துமுறை நூல் அந்த ரெண்டையும் கணக்குல இருந்து எடுத்துடுச்சு. பழைய க்விஸ்ல 29-னு பார்த்தா குழம்பாதே.

தலையில சின்ன அலை போட்ட ‘எஞ்ஞே’ எழுத்துக் கேள்வி கண்டிப்பா வரும். லத்தீன்ல இரட்டை ‘ன்’ வர்ற சொற்களை எழுதுறப்போ, இடைக்கால எழுத்தர்கள் ஒரு எழுத்தை மட்டும் எழுதி, இன்னொண்ணை அதோட தலைமேல சின்னக் கோடா போட்டாங்க. அந்தக் கோடுதான் இன்னிக்கு இருக்கிற அலை. ஒலி நம்ம ‘ஞ’தான், அதனால ‘எஸ்பாஞா’ (ஸ்பெயின்)னு சொல்ல உனக்குக் கஷ்டமே இருக்காது.

கேள்வி தொடங்குற இடத்துல போடுற தலைகீழ் கேள்விக்குறியும் க்விஸ்ல அடிக்கடி வரும். 1754-ல ஸ்பானிஷ் அரச அகாதமி இதை விதியாக்கிச்சு. பல ஸ்பானிஷ் கேள்விகள்ல சொல் வரிசை சாதாரண வாக்கியம் மாதிரியேதான் இருக்கும். குரலை எங்கே உயர்த்தணும்னு படிக்கிறவருக்கு ஆரம்பத்துலயே தெரியணும், அதுக்குத்தான் இந்தக் குறி.

‘பெரோ’, ‘பெர்ரோ’ ரெண்டையும் சத்தமாச் சொல்லிப் பழகு. நாக்கு ஒரு தட்டு தட்டினா ‘ஆனால்’, நல்லா அதிர்ந்தா ‘நாய்’.

3. நாடுகளை வரைபடத்துல பார்த்துப் படி

ஸ்பானிஷ் ஆட்சிமொழியா இருக்கிற நாடுகள் 20. கண்டவாரியாப் பிரிச்சுக்கோ: ஐரோப்பாவுல ஸ்பெயின், ஆப்பிரிக்காவுல எக்குவடோரியல் கினி, மீதி 18-ம் அமெரிக்கக் கண்டங்கள்ல. கேள்வி தயாரிக்கிறவங்க வைக்கிற பொறி மூணு. பிரேசில்ல பேசுறது போர்த்துகீஸ். புவேர்ட்டோ ரிக்கோவுல ஸ்பானிஷ்தான் பேசுறாங்க, ஆனா அது தனி நாடில்லை, அமெரிக்காவுக்கு உட்பட்ட பகுதி. பிலிப்பைன்ஸை ஸ்பெயின் முந்நூறு வருஷத்துக்கு மேல ஆண்டும், 1987 அரசியலமைப்பு ஸ்பானிஷுக்கு ஆட்சிமொழி இடம் தரலை.

ஸ்பானிஷ் பேசுறவங்க அதிகமா இருக்கிற நாடு எதுன்னு கேட்டா கை தானா ஸ்பெயினைத் தொடப் போகும். விடை மெக்சிகோ.

4. சொற்களைப் பிறந்த இடம்வாரியாப் பிரி

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, நீயும் நிதானமாப் படி. 711-ல முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள்ள வந்துச்சு. 1492-ல அங்கே கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது வரைக்கும் அரபு மொழி அந்த மண்ணுல ஆட்சி மொழியாவும் அறிவு மொழியாவும் இருந்துச்சு. அதனால விவசாயம், வீடு, நிர்வாகம் சம்பந்தமான சொற்கள்ல அரபு நிறைய. சர்க்கரை ‘அசூகார்’, எண்ணெய் ‘அசெய்தே’, பருத்தி ‘அல்கொதோன்’, தலையணை ‘அல்மொஹாதா’, ஊர் மேயர் ‘அல்கால்தே’. ‘அல்’னு ஆரம்பிச்சா அரபுன்னு சந்தேகப்படலாம், ஆனா கண்ணை மூடிட்டு நம்பாதே. ‘ஆல்மா’ (ஆன்மா), ‘ஆல்தோ’ (உயரம்) ரெண்டும் லத்தீன்ல இருந்து வந்தவை.

அடுத்து அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் முதல்ல இறங்கினது கரீபியன் தீவுகள்ல. அங்கே இருந்த தைனோ மக்கள்கிட்டருந்து ‘கனோவா’ (படகு), ‘அமாக்கா’ (தொங்கு படுக்கை), ‘உராகான்’ (புயல்) வந்துச்சு. மெக்சிகோவோட நவாத்ல் மொழி ‘தொமாத்தே’, ‘சோகோலாத்தே’, ‘அகுவகாத்தே’ (அவகாடோ) குடுத்துச்சு. ஆண்டிஸ் மலையோட கெச்சுவா மொழி ‘பாப்பா’ (உருளைக்கிழங்கு), ‘பூமா’, ‘கோந்தோர்’ குடுத்துச்சு. படகும் புயலும் தீவுல இருந்து, உருளை மலையில இருந்துன்னு நிலத்தோட சேர்த்துப் படிச்சா தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்லை.

நம்ம வீட்டுச் சொற்களும் இங்கே கை கொடுக்கும். போர்த்துகீஸ்காரங்க மூலமா தமிழுக்கு வந்த மேஜை, அலமாரி, ஈழத்துச் சப்பாத்து மூணுக்கும் ஸ்பானிஷ்ல உடன்பிறப்பு உண்டு: ‘மேசா’, ‘அர்மாரியோ’, ‘சபாத்தோ’. எதிர்த் திசையில போனது ‘கத்தமரான்’. நம்ம கட்டுமரம்தான், ஆங்கிலம் வழியா ஸ்பானிஷுக்குப் போச்சு.

5. ஆண்பால், பெண்பால்ல விதிவிலக்கைக் குடும்பமாப் பிடி

‘ஓ’ல முடிஞ்சா ஆண்பால், ‘ஆ’ல முடிஞ்சா பெண்பால்னு எல்லாரும் படிக்கிறாங்க. க்விஸ் கேக்கிறது விதிவிலக்கைத்தான். ‘ப்ரொப்லேமா’, ‘சிஸ்தேமா’, ‘தேமா’, ‘கிளீமா’ எல்லாம் ‘மா’ல முடியுற கிரேக்க வழிச் சொற்கள், ஆண்பால். ‘மானோ’ (கை) ‘ஓ’ல முடிஞ்சாலும் பெண்பால், லத்தீன்லயே அது பெண்பால்தான். ‘ஆகுவா’ (தண்ணீர்) முன்னாடி ஆண்பாலுக்கான ‘எல்’ வரும், ஆனா சொல் பெண்பால். அழுத்தமான ‘ஆ’ல ஆரம்பிக்கிற சொல்லுக்கு முன்னாடி பெண்பாலுக்கான ‘லா’ போட்டா ரெண்டு ‘ஆ’ முட்டிக்கும், அதனால ஒருமையில மட்டும் ‘எல்’. பன்மையில ‘லாஸ் ஆகுவாஸ்’தான்.

6. ஆங்கிலச் சாயல் சொற்களுக்குத் தனிப் பக்கம்

‘எம்பரசாதா’ன்னா வெக்கப்படுறவள் இல்லை, கர்ப்பமா இருக்கிறவள். ‘எக்ஸித்தோ’ வெளியே போற வழி இல்லை, வெற்றி. ‘சோப்பா’ குடிக்கிற சூப். ‘ரோப்பா’ துணிமணி. ‘கார்பேத்தா’ கம்பளம் இல்லை, ஃபைல். ‘லிப்ரெரியா’ நூலகம் இல்லை, புத்தகக் கடை. பேசுறப்போ சங்கடப்படாம இருக்கவும் இந்தப் பக்கம் உதவும்.

7. 1492-ஐச் சுவத்துல அடிச்ச ஆணியா வெச்சுக்கோ

மத்த ஆண்டுகளை எல்லாம் அதுல மாட்டிடலாம். அந்த ஒரே வருஷத்துல கிரனாடா வீழ்ந்துச்சு, யூதர்களை ஸ்பெயினை விட்டு வெளியேத்தினாங்க, கொலம்பஸ் கடல் தாண்டினார், அந்தோனியோ தெ நெப்ரிஹா காஸ்தீலிய மொழிக்கு, அதாவது ஸ்பானிஷுக்கு, இலக்கணம் எழுதி இசபெல் ராணிக்குச் சமர்ப்பிச்சார். வெளியேறின யூதர்கள் கூடவே கொண்டுபோன பழைய ஸ்பானிஷ்தான் லதீனோ.

அதுக்கப்புறம் மூணு ஆண்டு போதும். எழுத்தாளர் செர்வாந்தெஸோட ‘தோன் கிஹோத்தே’ நாவல் முதல் பாகம் 1605, ரெண்டாம் பாகம் 1615, ஸ்பானிஷ் அரச அகாதமி தொடங்கினது 1713. ஐ.நா. ஸ்பானிஷ் மொழி நாள் ஏப்ரல் 23, செர்வாந்தெஸ் நினைவா. அவரும் ஷேக்ஸ்பியரும் ஒரே நாள்ல இறந்தாங்கன்னு ஒரு கேள்வி வந்தா நிதானமா இரு. அப்போ இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில இருந்துச்சு, ஸ்பெயின் புதுசுக்கு மாறியிருந்துச்சு. ரெண்டு பேருக்கும் வழக்கமாச் சொல்ற தேதி ஒண்ணு, நாள் வேற.

8. எழுத்தாளர்களை நாட்டோட சேர்த்துச் சொல்லு

ஸ்பானிஷ்ல எழுதி இலக்கிய நோபல் வாங்கினவங்க 11 பேர், அதுல ஸ்பெயின்காரங்க 5. லத்தீன் அமெரிக்காவுக்கு முதல் பரிசு 1945-ல சிலியோட கப்ரியேலா மிஸ்திராலுக்கு. 1904-ல பரிசைப் பகிர்ந்துக்கிட்ட மிஸ்திரால் வேற, அவர் பிரான்ஸ் நாட்டு ப்ரொவென்ஸால் மொழிக் கவிஞர். 1971 நெரூதா, சிலி. 1982 மார்க்கேஸ், கொலம்பியா. 1990 ஒக்தாவியோ பாஸ், மெக்சிகோ. 2010 வார்கஸ் யோசா, பெரு. இவங்கள்ல நெரூதா 1929-ல கொழும்பு வெள்ளவத்தையில தங்கி சிலி கான்சலா வேலை பார்த்தார். பாஸ் 1962-ல இருந்து 1968 வரைக்கும் இந்தியாவுல மெக்சிகோ தூதர்.

9. சந்தேகம் வந்தா அகாதமி அகராதியில பாரு

க்விஸ் ஆப் சொல்றதெல்லாம் சரின்னு எடுத்துக்காதே. அகாதமியோட அகராதி இணையத்துல இலவசமாவே இருக்கு. சொல்லைத் தட்டினா பொருளுக்கு முன்னாடி அது எந்த மொழியில இருந்து வந்துச்சுன்னும் போட்டிருப்பாங்க. தெலேங்கிற ஸ்பானிஷ் மொழித் திறன் தேர்வு எழுதப்போறேன்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ: அதுல படிக்கிறது, கேக்கிறது, எழுதுறது, பேசுறது நாலுமே உண்டு. இந்தியாவுல செர்வாந்தெஸ் நிறுவனத்தோட மையம் புதுடெல்லியில இருக்கு, தேர்வு விவரங்களை அங்கே கேட்டுக்கலாம். க்விஸ் உன் ஆர்வத்தை வளர்க்கும். தேர்வுக்குத் தனியா பேச்சுப் பயிற்சியும் வேணும்.

ஞாயித்துக்கிழமை புதுக் கேள்வி வேண்டாம். அந்த வாரம் தப்பானதையெல்லாம் நோட்டைப் பார்க்காம திரும்பச் சொல்லு, அப்புறம் நீயே அஞ்சு கேள்வி தயார் பண்ணித் தோழிகிட்ட கேளு. மத்தவங்களுக்குக் கேள்வி எழுதுறப்போதான் காரணம் நமக்குத் தெளிவாப் புரியும். முதல் வாரத்துக்கு நானே எழுதித் தர்றேன். எல்லா விடையும் மேலேயே இருக்கு, ஆனா ‘ஏன்’னு சொன்னாத்தான் மார்க்:

‘ஆகுவா’வுக்கு முன்னாடி ‘எல்’ ஏன்? கேள்விக்குறி தலைகீழா முதல்லயே ஏன்? படகுக்கும் புயலுக்கும் தைனோ சொல் ஏன்? எண்ணெய்க்கு அரபுச் சொல் ஏன்? நெடுங்கணக்கு 29-ல இருந்து 27 ஆனது ஏன்?