பெட்டியை எண்ணிய இருவர்

வேதபாடம்: 2 இராஜாக்கள் 12:4-15



யோவாஸ் ராஜாவின் இருபத்துமூன்றாம் வருஷம்வரைக்கும் ஆசாரியர்கள் ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை. காணிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் திருடினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டி பலிபீடத்தண்டையில் வைக்கப்பட்டது. பணம் சேர்ந்தபோது எண்ண வந்தவர்கள் இருவர்: பிரதான ஆசாரியனும் ராஜாவின் சம்பிரதியும். ஆலயத்துப் பணத்தை எண்ண அரண்மனைக் கணக்கன் எதற்கு?

மிஷன் ஆஸ்பத்திரிகளில் இன்றும் கேட்கிற கேள்விதான் இது. "ஊழியத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று நானும் முணுமுணுத்ததுண்டு. அமெரிக்காவில் நடந்த ஒரு காரியம் என்னை யோசிக்க வைத்தது.

1929ஆம் ஆண்டு, டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில், பாப்டிஸ்ட் சபையாரின் பேய்லர் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாயிருந்தவர் ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல். முன்பு அவ்வூர்ப் பள்ளிகளை மேற்பார்த்தவர். ஆசிரியர்கள் பலர் ஆஸ்பத்திரிக் கடனைக் கட்ட முடியாமல் தவிப்பதைக் கண்டு, ஒரு திட்டம் வகுத்தார். மாதம் 50 சென்ட் செலுத்தும் ஆசிரியருக்கு, தேவைப்பட்டால் 21 நாள் ஆஸ்பத்திரிப் பராமரிப்பு. இதிலிருந்து வளர்ந்ததே "புளூ கிராஸ்" என்ற லாபநோக்கமற்ற மருத்துவக் காப்பீடு. மற்ற மாநிலங்களிலும் பரவியது.

மேரிலாந்து மாநிலத்தில் அந்த வழியில் வந்த நிறுவனம் கேர்ஃபர்ஸ்ட். 2001ல் அதன் நிர்வாகக் குழு, லாபநோக்குள்ள நிறுவனமாக மாறி, வெல்பாயிண்ட் என்னும் கம்பெனிக்குச் சுமார் 130 கோடி டாலருக்கு விற்றுவிடத் தீர்மானித்தது. லாபநோக்கமற்ற நிறுவனத்துக்குப் பங்குதாரர் கிடையாது. விலைப்பணம் பொதுமக்களுக்குச் சேரவேண்டியது. விலை குறைந்தால் நஷ்டம் ஏழைக்கு. விற்பனை நடந்தால் உயர் அதிகாரிகளுக்கோ பெருந்தொகை போனஸ்!

அந்த மாநிலச் சட்டப்படி இன்சூரன்ஸ் ஆணையர் அனுமதியின்றி விற்க முடியாது. ஆணையர் ஸ்டீவன் லார்சன் சாட்சிகளை அழைத்து, ஏடுகளைப் புரட்டி, 2003 மார்ச்சில் அனுமதி மறுத்தார். பொதுநன்மைக்கு ஏற்றதல்ல என்பது அவர் தீர்ப்பு. அதோடு நிற்காமல், அதே ஆண்டு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, நிர்வாகக் குழுவை மாற்றியமைத்தது. ஜனங்களுக்குக் கட்டுப்படியாகும் காப்பீடு அளிப்பதே அந்நிறுவனத்தின் கடமை என்று எழுதிவைத்தது. கேர்ஃபர்ஸ்ட் இன்றும் லாபநோக்கமற்றதாகவே இயங்குகிறது.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் எண்ணவில்லை. மரியாதைக்குரியவர்களும் ஒரே அறையில் நெடுநாள் கூடிப் பேசினால், தங்கள் யோசனையே தர்மம் என்று நம்பிவிடுகிறார்கள். சபைக் கமிட்டிகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"பதினைந்தாம் வசனத்தில் கணக்குக் கேட்கவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கணக்குக் கேட்கப்படாதவர்கள் வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தவர்கள். அவர்கள் கைக்குப் போகுமுன்பே அந்தப் பணத்தை இருவர் எண்ணிப் பையில் கட்டியிருந்தார்கள். ஆகையால், எங்கள் பெட்டியைக் குறித்தும் கேட்டு எழுதுங்கள். ஆடிட்டர் அறிக்கை வேண்டுமென்றால் ஒரு கார்டு போட்டால் போதும், அனுப்பிவைக்கிறோம்.