பழுகாமத்து முற்றத்தில் எந்த வண்டி? வேகனும் மின்காரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மட்டக்களப்பு வாவியின் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் இறங்கினால் சிறிது தூரத்தில் பழுகாமம். அங்கே பெரியப்பா வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழ் ஒரு பழைய டிஎக்ஸ் வேகன் நிற்கிறது. பின்சீற்றை மடித்தால் நெல்மூடை ஏறும். நிமிர்த்தினால் ஒரு குடும்பமே ஏறும். திரௌபதையம்மன் கோயில் தீமிதிப்புக்கு வரும் உறவுகளை ஏற்றியதும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்குப் போனதும், நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதுதான்.

இப்போது அதன் இடத்துக்கு வேறொன்று வாங்கும் பேச்சு. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறந்தது. மச்சான் மின்கார்தான் என்கிறான். பெரியப்பா இன்னொரு வேகன்தான் என்கிறார். "மனே, கறண்டுல ஓடுற வண்டிய நம்பி இந்தக் கரையில இருக்க ஏலுமா?" என்று அவர் என்னைக் கேட்டார். இருவர் சொன்னதிலும் பாதி சரி, பாதி பிழை. ஊரில் பல வீடுகளில் இதே பேச்சு நடப்பதால், காதில் விழுந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

நம்பிக்கை 1: கறண்ட் போனால் மின்கார் வெறும் இரும்பு.

உண்மை: கார் ஓடுவது சேமித்து வைத்த மின்சாரத்தில். வீட்டில் விளக்கு அணைந்த அந்த நிமிடம் கார் நிற்காது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் பல மணி நேரம் இருண்டது. பற்றரியில் சார்ஜ் இருந்த காருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. பெற்றோல் செட்டின் பம்பும் மின்சாரத்தில்தான் சுற்றுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

2022 ஐ எண்ணிப் பாருங்கள். யூன் மாதக் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலை கொடுக்கக் கையில் காசு இருந்தும் வரிசையில் நாட்கணக்கில் கிடந்தோம். பிறகு கியூஆர் குறியீட்டில் அளந்து தந்தார்கள். அதே ஆண்டு மார்ச் கடைசியில் மின்வெட்டும் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. ஆனால் மீதி 11 மணி நேரம் மின்சாரம் வந்தது. அன்றாட ஓட்டத்துக்கு அது போதும். தட்டுப்பாடு இரண்டுக்கும் வரும். மின்சாரத்தைக் கூரையில் நாமே ஆக்கலாம், பெற்றோலை ஆக்க முடியாது.

நம்பிக்கை 2: மின்காருக்கு ஓட்டச் செலவே இல்லை.

உண்மை: செலவு உண்டு, அது மின்பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. கணக்கை இப்படிப் போடலாம். நம் தெருக்களில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் 1500 சிசி வேகன், லீற்றர் 300 ரூபா என்றால், 100 கிலோமீற்றருக்கு 2,500 ரூபா குடிக்கும். அதே தூரத்துக்கு நடுத்தர மின்காருக்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 17 அலகு வேண்டும். அலகு 50 ரூபா என்று வைத்தால் 850 ரூபா. 80 ரூபா என்று வைத்தாலும் 1,360 ரூபாதான்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. காருக்கான அலகுகள் உச்சப் படியில் போய் விழும். நிலையான கட்டணமும் கூடவே ஏறும். மாதம் 90 அலகு எரிக்கும் வீடு, 1,000 கிலோமீற்றர் ஓடும் மின்காரை வாங்கினால் 260 அலகுக்குத் தாவும். ஆகவே பார்க்க வேண்டியது முழுப் பட்டியலும் எவ்வளவு கூடும் என்பதை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். 10.30 இலிருந்து காலை 5.30 வரை மலிவு நேரம். இந்த நேர அடிப்படைக் கட்டணத்துக்கு உங்கள் இணைப்பு தகுதியானதா என்று மின்சார அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பிறகு காரைப் பேசுங்கள்.

இனி ஓட்டத்தை எடுங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு ஏறக்குறைய 15,000 ரூபா மிஞ்சலாம். இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் பத்து இலட்சம் என்றால் ஐந்தரை வருடத்தில் அது ஈடாகும். மாதம் 300 கிலோமீற்றர் ஓடுபவருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 5,000 ரூபா. அதே பத்து இலட்சம் ஈடாகப் பதினாறு வருடத்துக்கு மேல் ஆகும். குறைவாக ஓடும் வீட்டுக்கு மின்கார் சிக்கனம் அல்ல.

நம்பிக்கை 3: வீட்டில் பெரிய சார்ஜர் பூட்டினால்தான் சரிவரும்.

உண்மை: பெரியப்பா வீட்டு விறாந்தைச் சுவரில் இருக்கும் மீற்றர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிரதான சுவிட்சில் 30 அம்பியர் என்று எழுதியிருந்தது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த ஒற்றைக் கட்ட 30 அம்பியர் இணைப்புத்தான். கடைக்காரர் விற்க நினைக்கும் 7 கிலோவாற் சார்ஜர் தனியே 32 அம்பியர் இழுக்கும். அதைப் போட்டுவிட்டுக் கிணற்று மோட்டரையும் தட்டினால் முழு வீடும் இருண்டுவிடும்.

அவ்வளவு பெரியது தேவையும் இல்லை. காரோடு வரும் சிறிய சார்ஜர் 10 அம்பியரில் எட்டு மணி நேரத்தில் 18 அலகு ஏற்றும். அது 100 கிலோமீற்றருக்குப் போதும். 16 அம்பியர் சார்ஜர் என்றால் இன்னும் வேகம். மட்டக்களப்புக்குப் போய்வர 70, 80 கிலோமீற்றர் என்பதால், இரவு குத்திவிட்டுத் தூங்கினால் காலையில் வேலை முடிந்திருக்கும்.

ஆனால் அந்தப் பிளக்குக்கு மீற்றர் பெட்டியிலிருந்து தனி வயர், தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த் கட்டாயம். பழைய வயரிங்கில் எக்ஸ்டென்ஷன் கோட் போட்டு எட்டு மணி நேரம் இழுத்தால் பிளக் உருகும், வீடும் எரியலாம். இந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்தே எண்ணுங்கள்.

நம்பிக்கை 4: வெள்ளத்தில் மின்கார் ஷாக் அடிக்கும், வேகன் தப்பிக்கும்.

உண்மை: 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளத்தைக் கண்ட கரை இது. இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. மின்காரின் உயர் அழுத்தச் சுற்று காரின் உடம்போடு தொடுப்பில்லாமல் தனித்திருக்கிறது. கசிவு கண்டால் பற்றரியின் தொடுப்பைத் தானே வெட்டிவிடும். மழைக்கோ, தெருவில் தேங்கிய நீருக்கோ அது ஷாக் அடிப்பதில்லை. மாறாக, வெள்ளத்துக்குள் விட்ட பெற்றோல் இயந்திரம் காற்றுக் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சினால், தண்ணீர் அமுங்காததால் உள்ளே கொன் ரொட் வளைந்து இயந்திரமே போய்விடும்.

மின்காருக்கு உள்ள மெய்யான ஆபத்து உப்பு. 2022 இல் அமெரிக்காவின் புளோரிடாவை இயன் புயல் தாக்கியபோது, கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில நீர் வடிந்த பிறகு தீப்பற்றின. நம் வாவி நீர் உவர். வாவியோர வளவில் கார் மூழ்கினால் சார்ஜில் குத்தாதீர்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். வீட்டிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மழை அறிவிப்பு வந்ததும் மேட்டுக்கு எடுத்துப் போவது இரண்டு வண்டிக்கும் பொதுவான விதி.

நம்பிக்கை 5: நம் வெயிலுக்கு நாலு வருடத்தில் பற்றரி செத்துவிடும்.

உண்மை: இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு, அதன் பெயர் நிசான் லீஃப். 2010 இல் வெளிவந்த முதல் தலைமுறை லீஃபின் 24 கிலோவாற் மணி பற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை. சூடான நாடுகளில் அது வேகமாகத் தேய்ந்தது. இங்கே பாவித்த காராகக் கிடைக்கும் மின்கார்களில் பல அவைதான். புதிதிலேயே அதன் தூரம், வருட மாதிரியைப் பொறுத்து, அமெரிக்க அளவீட்டில் 117 முதல் 135 கிலோமீற்றர் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு தேய்ந்த லீஃபில் மட்டக்களப்புக்குப் போய்த் திரும்புவதே நெஞ்சிடி.

லீஃப் பார்க்கப் போனால் டாஷ்போர்டில் சார்ஜ் கட்டங்களை ஒட்டி வலப்பக்கம் இருக்கும் மெல்லிய வரிசையைப் பாருங்கள். புதிதில் 12 கட்டம். முதல் கட்டம் போனாலே ஏறத்தாழ 15 வீதம் தேய்ந்துவிட்டது என்று பொருள். கட்டத்தை எண்ணாமல் கைக்காசு கொடுக்காதீர்கள்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவை பற்றரியைத் திரவத்தால் குளிர்விக்கின்றன. வெப்பத்தை நன்கு தாங்கும் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியும் பரவலாகிவிட்டது. எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் பற்றரி உத்தரவாதம் உலகில் வழக்கமான அளவு. அந்த உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா, யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு காரை மரநிழலில் விடுங்கள். நூறு வீதம் ஏற்றிய காரை நாட்கணக்கில் வெயிலில் நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கை 6: வேகனுக்கு ஈடாக மின்காரில் சாமான் ஏறாது.

உண்மை: பெரியப்பா பக்கம் நியாயம் உள்ள இடம் இது. மின்வேகன்கள் உலகில் உண்டு. எம்ஜி 5 என்ற குடும்ப வேகன் 2020 இலேயே பிரித்தானியச் சந்தைக்கு வந்தது. வொக்ஸ்வேகன் ஐடி.7 டூரரும் பிஎம்டபிள்யூ ஐ5 டூரிங்கும் பின்னால் வந்தன. ஆனால் நம் சந்தையில் மின்கார் என்றால் பெரும்பாலும் சிறு கார் அல்லது உயரமான எஸ்யூவி. நெல்மூடை, உரப்பை என்று மாதந்தோறும் ஏற்றுபவருக்கு ப்ரோபொக்ஸ், ஃபீல்டர் போன்ற வேகன்களின் தட்டையான நீள்தளத்துக்கு இன்றைக்கு நேர் ஈடு இங்கில்லை. வாங்கும் முன் டிக்கியைத் திறந்து அளவு நாடா பிடியுங்கள், பாரம் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள்.

நம்பிக்கை 7: கொழும்புக்குப் போக முடியாது.

உண்மை: மட்டக்களப்பிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 315 கிலோமீற்றர். 60 கிலோவாற் மணி பற்றரி உள்ள கார் வழியில் ஒருமுறை சார்ஜ் ஏற்றிக்கொண்டு போய்ச் சேரும். பழைய லீஃபில் அந்தப் பயணத்தை எண்ணக்கூடாது. விரைவு சார்ஜரின் வாயும் ஒன்றல்ல. அந்த லீஃபுக்குச் சாடெமோ, புதிய கார்கள் பலவற்றுக்குச் சிசிஎஸ் 2. வழியில் இருப்பது எந்த வாய், அது வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் தொலைபேசியில் கேளுங்கள். யானை இறங்கும் எங்கள் எல்லைத் தெருக்களில் இரவில் சார்ஜ் முடிந்து நிற்பது விளையாட்டல்ல.

நம்பிக்கை 8: மின்கார் வாங்கினாலே சூழலுக்கு நல்லது.

உண்மை: நுரைச்சோலையின் 900 மெகாவாற் அனல் நிலையம் நிலக்கரியில்தான் எரிகிறது. இரவில் ஏற்றும் சார்ஜில் அதன் புகையும் உண்டு. ஆனால் பெற்றோல் இயந்திரம் எரிபொருளின் பெரும்பகுதியை வெறும் சூடாக வெளியே விடுகிறது. மின்மோட்டர் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குத் தருகிறது. நம் மின்சாரத்தில் நீரும் காற்றும் வெயிலும் கொண்ட பங்கு பெரியது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்ததால், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. வெயில் மிஞ்சுகிறது, வாங்கி வைக்க இடமில்லை. பகலில் வீட்டில் நிற்கும் கார் அந்த வெயிலைக் குடித்தால், அதுவே மிகச் சுத்தமான கிலோமீற்றர்.

பெரியப்பாவுக்கும் மச்சானுக்கும் நான் சொன்ன தீர்ப்பு இது. சொந்த வளவும் நிழலும் நல்ல வயரிங்கும் இருந்து, மாதம் 800 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறீர்களா? புதிய தலைமுறை மின்காரை வாங்குங்கள், முடிந்தால் கூரைத் தகட்டோடு. மாதம் 300, 400 கிலோமீற்றர்தான் ஓட்டம், அதிலும் பாதி மூடை ஏற்றும் ஓட்டமா? இருக்கிற வேகனை ஒழுங்காகச் சேர்விஸ் செய்து வைத்திருங்கள். கடன்பட்டு மாற்றத் தேவையில்லை. தேய்ந்த பற்றரியோடு மலிவாக வரும் மின்காரை மட்டும் எவரும் தொடாதீர்கள்.

லீசிங் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் ஒரு மாதம் உங்கள் ஓட்டத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடைசி மின்பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் வீட்டுக்கு எந்த வண்டி என்ற விடை அந்த இரண்டு தாளிலும் இருக்கிறது.