மூன்று ஜிப்பா, மூன்று பயணம்

போன தீபாவளிக்கு ஒரே ஜிப்பாவை மூன்று அளவில் ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அனுப்பிவிடலாம், ரிட்டர்ன் இலவசம்தானே! பார்சல் வந்தபோது வீட்டில் ஆளில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள்தான் கைக்குக் கிடைத்தது.

என் பெரியப்பா மகன் இங்கே கிள்ளானில் பார்சல் வேன் ஓட்டுகிறார். இதைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "தம்பி, கொடுத்து முடிச்ச பார்சலுக்குத்தான் எனக்குக் காசு. ஆளில்லாத வீட்டுக்கு ஓடுன எண்ணெய்க்காசு யாரு தருவா?" என்றார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். (பொறியியல் படித்தால் இந்தத் தொல்லை உண்டு.) ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு வெளியாகும். பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. ஒரு வேன் 10 லிட்டர் டீசலில் 100 பார்சல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்சலுக்கு 270 கிராம். மூன்று நாள் வந்தால் 810 கிராம்.

சரி, நாமே பார்சல் லாக்கரில் போய் எடுத்துக்கொண்டால்? லாக்கர் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்காகவே காரை எடுக்கிறோம். 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார், போய் வர 0.8 லிட்டர் குடிக்கும். அதாவது 1.8 கிலோவுக்கு மேல்! வேன் ஒருமுறை வந்து போவதைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு. நடக்கும் தூரத்திலோ, வேலை முடிந்து வரும் வழியிலோ இருந்தால்தான் லாக்கர் பசுமை. எனக்கே இது ஆச்சரியம்தான்.

ரிட்டர்னுக்கு நல்ல பாடம் மும்பையில் இருக்கிறது. 1890களிலிருந்து டப்பாவாலாக்கள் சைக்கிளிலும் ரயிலிலும் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். காலி டப்பா அன்றே அதே வழியில் வீடு திரும்பும். தூக்கிப்போட அட்டைப்பெட்டி இல்லை, பிளாஸ்டிக் பை இல்லை. திரும்பி வருவதும் திட்டத்திலேயே இருக்கிறது. என் இரண்டு ஜிப்பாவோ மறுபடி வேன் ஏறி, கிடங்குக்குப் போய், பிரித்துப் பார்த்து, புதுப் பையில் கட்டப்படுவதற்குள் தீபாவளியே முடிந்திருக்கும்.

இந்த வருஷம் ஜிப்பாவை ஜாலான் தெங்கு கிளானாவில் போட்டுப் பார்த்தே வாங்கப் போகிறேன், தங்கச்சி உடுப்பும் அதே பயணத்தில். ஆன்லைனில்தான் வேண்டுமென்றால், சரியாகப் பொருந்தும் பழைய சட்டையை டேப்பால் அளந்து, கடையின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வீட்டில் பகலில் ஆளில்லையா? பாட்டி வீட்டு முகவரியைக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்தில் எத்தனை பார்சல் வந்தது, எத்தனை திரும்பிப் போனது என்று எழுதி வாருங்கள். சேர்த்துக் கணக்குப் போடுவோம்.