ஆடல் காணும் கண்

ஓர் ஆடலைக் கண்டு களித்தல் எளிது. கண்டு தேர்தல் அரிது. களிப்பு முதல் நாளிலேயே வந்தெய்தும். தேர்ச்சியோ நெடும் பழக்கத்தாலன்றி வாய்ப்பதன்று. இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது யாதெனின், ஆங்கில நாட்டு பி.பி.சி. நிலையத்தார் தொலைக்காட்சி வாயிலாக நடத்திவந்துள்ள ‘ஸ்டிரிக்ட்லி கம் டான்சிங்’ என்னும் நடனப் போட்டியே. அதனை ஆண்டுதோறும் ஆர்வத்துடன் கண்டுவந்த நாம், அதனாற் கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

இப்போட்டிக்கு ஒரு முன்னோடி உண்டு. ‘கம் டான்சிங்’ என்னும் பெயரால் அந்நிலையத்தார் 1950 முதல் 1998 வரை இடையிட்டு ஒரு நிகழ்ச்சி நடத்தினர். அதன்கண் போட்டியிட்டோர் ஆடல் பயின்றோரே. 2004-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் தொடங்கிய புதுப் போட்டியிலோ முறை மாறியது. நடிகர், விளையாட்டு வீரர், செய்தியாளர் முதலாய புகழ்பெற்றோர், பெரும்பாலும் இவ்வகை ஆடலிற் பயிற்சியில்லாதவர், இதன்கட் புகுவர். ஒவ்வொருவரும் கைதேர்ந்த ஆடலாசிரியர் ஒருவரோடு இணைக்கப்பெற்று, வாரந்தோறும் ஓர் ஆடலைக் கற்று அரங்கில் ஆடுவர். நடுவர் நால்வரும் தனித்தனியே பத்துக்கு மேற்படாத மதிப்பெண் இடுவர். எனவே நிறைவெண் நாற்பதாகும். நடுவர் மதிப்போடு காண்போர் வாக்கும் கூட்டப்பெற்று, பின்தங்கிய இணையினர் வாரந்தோறும் நீங்குவர்.

இனி, காணும் முறை யாதென நோக்குவோம். புதிதாகக் காண்போர் உடையையும் முகத்தையும் நோக்குவர். பழகியோர் பாதத்தை நோக்குவர். வால்ட்ஸ் என்பது மூன்று தாளத்தில் அமைந்தது. அதில் ஆடுவோர் உடல் அலைபோல் எழுந்து தாழ்தல் வேண்டும். டாங்கோவில் அவ்வெழுச்சி கூடாது. முழங்கால் சற்று மடிந்திருக்க, உடல் ஒரே மட்டத்திற் செல்லும். பாக்ஸ்டிராட் எளிதுபோல் தோன்றும். ஆயின் முன்னோக்கிச் செல்லும் அடி குதிகாலிற் றொடங்கி, வழுக்கிச் செல்வதுபோல் இடையறாது ஓடவேண்டுதலின், பயில்வோரை வருத்துவது அதுவே. லத்தீன் வகையைச் சார்ந்த சா-சா-சாவிலோ, முன்பாதம் முதலில் தரையைத் தொடும். அடிகள் குறுகி விரையும். இவ்வேறுபாடுகளை அறிந்த பின்னர், முன்பு மின்னலாய்த் தோன்றிய ஆட்டம் வெறும் ஓட்டமென்றும், முன்பு சுவையற்றதாய்த் தோன்றிய மெல்லடி அருமையுடையதென்றும் நமக்குப் புலப்படலாயிற்று.

அங்ஙனமாயின், வாக்கு முற்றும் திறமைக்கே உரியதோ? இவ்வினா 2008-ஆம் ஆண்டில் இருமுறை எழுந்தது. ஜான் சார்ஜன்ட் என்னும் அரசியற் செய்தியாளர் அவ்வாண்டு ஆட வந்தார். வயது அறுபத்து நான்கு. நடுவர் அவர்க்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே ஈந்தனர். தம் துணையாகிய கிறிஸ்டினா ரிஹானாஃப் அம்மையாரைத் தரையில் இழுத்துச் சென்ற அவர்தம் பாசோ டோப்ளே ஆட்டத்தைக் கண்டு நாடே நகைத்தது; நாமும் நகைத்தோம். ஆயினும் மக்கள் வாரந்தோறும் அவரையே காத்தனர். அவரினும் நன்கு ஆடினோர் விலகினர். இறுதியில், நவம்பர் 19-ஆம் நாள், அவர் தாமே போட்டியினின்று நீங்கினார். தாம் வென்றுவிடவும் கூடும் என்னும் நிலை வந்தபோது வேடிக்கை எல்லை கடந்துவிடும் என்பதே அவர் கூறிய காரணத்தின் கருத்து. காண்போர் மறந்த நடுநிலையை ஆடினவரே நினைவுகூர்ந்தமை நம்மை நாணச் செய்தது.

அடுத்த மாதம் நிகழ்ந்ததோ இதற்கு மறுதலை. டிசம்பர் 13-ஆம் நாள் அரையிறுதியில் மூன்று இணையினர் எஞ்சினர். நடுவர் மதிப்பில் இருவர் முதலிடத்தைச் சமமாய்ப் பெற, அவ்விருவர்க்கும் மும்மூன்று புள்ளியும், டாம் சேம்பர்ஸ் என்னும் நடிகர்க்கு ஒரு புள்ளியும் கிடைத்தன. மக்கள் அவரையே முதல்வராக்கி மூன்று புள்ளி ஈந்தாலும் அவர்க்கு நான்கே ஆகும். ஏனையோருள் ஒருவர்க்கு ஐந்தும் மற்றவர்க்கு நான்கும் சேருமாதலின், கடைசி இருவர் மீண்டும் ஆடும் ஆட்டத்தினின்று அவர் எவ்வாற்றானும் தப்ப இயலாது. மக்கள் வாக்கு அவர்திறத்துப் பயனற்றதாயிற்றென்று கண்ட நிலையத்தார், மூவரையும் இறுதிக்கு அனுப்பினர். டிசம்பர் 20-ஆம் நாள் நடந்த இறுதிப் போட்டியில் வென்றவர் அச்சேம்பர்ஸே! ஆகவே, அன்பு மட்டும் ஆண்டாலும் தீங்கு. கணக்கு மட்டும் ஆண்டாலும் தீங்கு.

இவ்விரண்டையும் இணைப்பது யாது? கற்பவர் கடந்துவந்த தொலைவைக் காணும் கண்ணே அது. 2021-ஆம் ஆண்டில் ரோஸ் எய்லிங்-எல்லிஸ் என்னும் நடிகை இப்போட்டியிற் புகுந்தார். செவிகேளாதார் ஒருவர் இதில் ஆடியது அதுவே முதன்முறை. அவர் தாளத்தை எண்ணிப் பயின்றும், துணைவராகிய ஜியோவானி பெர்னீசின் உடலசைவை உற்றுணர்ந்தும் ஆடினார். ஓர் ஆட்டத்தின் நடுவே இசை முற்றும் நின்றது. இருவரும் அம்மௌனத்தில் அடி பிழையாது ஆடினர். அவர் வாழும் உலகை அச்சிறு பொழுதில் நாமும் அறிந்தோம். அவ்வாண்டின் வெற்றி அவர்க்கே உரியதாயிற்று. 2024-ஆம் ஆண்டில் கண்பார்வையற்ற நகைச்சுவையாளர் கிறிஸ் மெக்காஸ்லண்ட், டயான் பஸ்வெல் என்னும் ஆசிரியையோடு ஆடி வென்றார். செய்து காட்டிக் கற்பித்தலே ஆடலாசிரியர் வழக்கம். காண இயலாத மாணவர்க்கோ ஒவ்வோர் அடியையும் சொல்லாலும் தொடுதலாலும் கற்பித்தல் வேண்டும். ஆதலின் அவ்வெற்றியில் ஆசிரியையின் பங்கும் சிறிதன்று.

இவ்விருவரையும் மக்கள் இரக்கத்தாற் றேர்ந்தனர் என்பார் உளர். நாம் அதற்கு இசையோம். இரங்குவோர் பாதத்தை நோக்கார்; நோக்கினோர் இரங்கார், வியப்பர். ஆகவே, ஆடலில் விருப்புடையீர், வாக்களிக்குமுன் மூன்று வினாக்களை நும்முள்ளே எழுப்புமின்: இவ்வாடலின் இலக்கணம் இவரிடத்து அமைந்ததோ? சென்ற வாரத்தினும் இவர் வளர்ந்தனரோ? நம் உள்ளத்தைக் கவர்ந்தது இவர்தம் ஆடலோ, அன்றிப் புகழோ? இவற்றிற்கு நேரிய விடை கண்ட பின்னர் விரும்பியவாறு வாக்களிமின். அது சிறு செயலே. ஆயினும் அங்ஙனம் பழகிய கண், ஆடலரங்கினும் பெரிய அரங்குகளில் மாந்தரை மதிப்பிடும்போதும் பிழைபடாது.