ஃபயர்வாலும் நம்ம கூட்டு வேலையும்

இன்பிளாண்ட் டிரெய்னிங் போய் வந்தவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. கம்பெனி நெட்டில் வலைப்பக்கம் திறக்கும், ஆனால் ஸ்லாக் ‘கனெக்டிங்’ என்று சுற்றிக்கொண்டே நிற்கும், மீட்டிங்கில் குரல் உடைந்து உடைந்து வரும். நெட் இருக்கு, ஆனா வேலை நடக்கலை. ஏன்?

ஐ.பி. முகவரி என்பது தெருவும் வீட்டு எண்ணும் மாதிரி. அந்த ஒரு வீட்டுக்கு 0 முதல் 65535 வரை வாசல்கள். இவைதான் போர்ட்டுகள். வலைப்பக்கத்துக்கு 80, பாதுகாப்பான வலைப்பக்கத்துக்கு 443, எஸ்.எஸ்.ஹெச்.சுக்கு 22. ஃபயர்வால் என்கிற வாட்ச்மேன் பல அலுவலகங்களில் 80, 443 இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பூட்டி விடுகிறார். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் குரலையும் படத்தையும் அனுப்ப யு.டி.பி. 3478 முதல் 3481 வரை கேட்கிறது. அது கிடைக்காவிட்டால் டி.சி.பி. 443 வழியாகப் போகும். டி.சி.பி.யில் ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் அதற்காகக் காத்து நிற்க வேண்டும். பேச்சு அதற்குள் ஆறிப்போன சோறு!

சரி, 443 திறந்துதானே இருக்கு, ஸ்லாக் ஏன் நிற்கிறது? இதுதான் ருசியான இடம். சாதாரண வலைப்பக்கம் கடிதம் மாதிரி: கேட்டோம், பதில் வந்தது, முடிந்தது. 2011-இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் போன் கால் மாதிரி, இணைப்பு திறந்தே இருக்கும். அது முதலில் கடிதமாகத்தான் தொடங்குகிறது, பிறகு ‘அப்கிரேடு’ கேட்கிறது. நடுவில் உள்ள பழைய பிராக்ஸிக்கு அந்தச் சொல் புரியாமல் கிழித்துப் போட்டுவிடும், அல்லது கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால் லைனைத் துண்டித்துவிடும். சாக்கெட்.ஐஓ போன்ற மென்பொருள்கள் இதற்காகவே முதலில் ‘ஏதாச்சும் வந்துச்சா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் முறையில் தொடங்கி, வழி கிடைத்தால்தான் வெப்சாக்கெட்டுக்கு மாறுகின்றன.

வாட்ச்மேனைத் திட்டுவது சுலபம். 2017 மே மாதம் வானாக்ரை பரவியது 445-ஆம் போர்ட் வழியாகத்தான். பூட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதற்கென்று கேட்காமல் எல்லாவற்றையும் பூட்டுவது சோம்பேறித்தனம் என்பதே என் கருத்து.

நண்பர்கள் சிலர் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கம்பெனி கணிப்பொறியை இணைத்துவிடுகிறார்கள். அது வாட்ச்மேனுக்குத் தெரியாமல் பின்சுவரை இடிப்பது. மாட்டினால் டிரெய்னிங் சர்டிபிகேட் போகும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்தத் தாளுக்காக அப்பா எத்தனை நாள் மூட்டை தூக்கினார் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த வழி வேண்டாம்.

“சார், நெட் வேலை செய்யலை” என்றால் ஐ.டி. பிரிவில் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்த மென்பொருள், எந்த முகவரி, எந்த போர்ட், யு.டி.பி.யா டி.சி.பி.யா, எதற்காக என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கிட்ஹப் 22-க்குப் பதில் 443 வழியாகவும் எஸ்.எஸ்.ஹெச். தருகிறது, அதையும் அனுமதி கேட்டே பயன்படுத்துங்கள். நான் டிரெய்னிங் போன இடத்தில் நாங்கள் நால்வரும் இப்படி எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் 3478 திறந்தது. 22 கடைசி வரை திறக்கவில்லை.