உரிமையும் காணியும்



"எங்களுக்கு நீதி வேண்டும்" என்கிறோம். எதைக் கேட்கிறோம்? இனத்தின் பெயரால் ஒதுக்கப்படாமல் வாழும் உரிமையையா? உழுது உண்பதற்குக் காணியையா? இவை இரண்டும் வேறு வேறா? அமெரிக்காவின் கறுப்பின மக்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்வியோடு போராடி வருகிறார்கள். அவர்கள் கற்ற பாடம் நமக்கும் உரியது.

1. காணியில்லாத விடுதலை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக உழைத்தார்கள். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், சேர்மன் என்ற தளபதி ஒரு கட்டளை பிறப்பித்தார். பண்ணையார்கள் விட்டுச்சென்ற கரையோர நிலங்களை, குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல், விடுதலை பெற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி அது கூறியது. ஏறக்குறைய 40,000 பேர் குடியேறிப் பயிரிட்டார்கள். அதே ஆண்டிலேயே ஜனாதிபதி ஆன்ட்ரூ ஜோன்சன் அந்நிலங்களைப் பழைய பண்ணையார்களிடம் திருப்பிக் கொடுக்கப் பணித்தார். சட்டத்தில் அடிமைத்தனம் ஒழிந்தது. ஆனால் காணியற்றவர்கள் பிறர் நிலத்தை வாரத்துக்குச் செய்து கடனில் மூழ்கினார்கள்.

2. மார்ட்டின் லூதர் கிங் கண்ட வழி

இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1964இலும், வாக்குரிமைச் சட்டம் 1965இலும் வந்தன. கிங் அடிகளார் அதோடு நிற்கவில்லை. கறுப்பர், வெள்ளையர், பூர்வீகக் குடிகள் என எல்லா ஏழைகளையும் ஒன்றுசேர்க்கும் இயக்கத்தை 1967 இறுதியில் அறிவித்தார். துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்க மெம்பிஸ் நகருக்குச் சென்றபோது, 1968 ஏப்ரல் 4ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார்.

3. நமது சம்பூர்

2006இல் போர் சம்பூர் மக்களை விரட்டியது. 2007இல் அவர்களது ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. முதலில் பாதுகாப்பின் பெயரால் மூடப்பட்ட காணி, பிறகு அபிவிருத்தியின் பெயரால் மூடப்பட்டது. மாற்றுக் காணி தருவதாகச் சொன்னபோதும் பலர் ஏற்கவில்லை, முகாம்களில் காத்திருந்தார்கள். அரசன் ஆகாபு விலை பேசியும் முதுசக் காணியைக் கொடுக்க மறுத்த நாபோத்தை இங்கே நினைவுகூருங்கள் (1 அரசர் 21). 2015 மே மாதம் ஜனாதிபதி சிறிசேன அந்த ஒதுக்கீட்டை ரத்துச் செய்தார். கடற்படை முகாம் இருந்த காணியின் விடுவிப்பு 2016 மார்ச்சில் நிறைவுற்றது.

எனினும் காடு மண்டிய வயலும் தூர்ந்த கிணறும் மாடில்லாத பட்டியும் சோறு போடா. காணி திரும்புவது நீதியின் தொடக்கம்; விதைநெல்லும் நீரும் நியாயமான கடனும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்களும் இடம்பெயர்ந்தார்கள். கடனும் வரட்சியும் சிங்கள விவசாயியையும் விடுவதில்லை. உரிமையும் பிழைப்பும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகள். ஒன்று படுத்தால் ஏர் நகராது.

4. நாம் செய்யக்கூடியது

அனுமதிப்பத்திரம், உறுதி, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் காணி எதற்காக வைக்கப்பட்டுள்ளது என்று பிரதேச செயலகத்திடம் தமிழிலேயே கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தனியாகப் போகாமல் சங்கமாகப் போங்கள்.

குழுவில் கலந்துரையாட:

• நம் ஊரில் இன்னும் திரும்பாத காணி எது? அது யார் கையில் உள்ளது?
• திரும்பிய காணியில் பயிரிடத் தடையாயிருப்பவை எவை?
• அயல் கிராமத்து முஸ்லிம், சிங்கள விவசாயிகளோடு சேர்ந்து கேட்கக்கூடிய ஒரு கோரிக்கை என்ன?